"தனியாவா வந்திருக்கிய?" - ஆய்க்குடிக்கு ஒரு சோலோ ட்ரிப்

மூன்று நாள்களில் பதினோரு பேர் கேட்டார்கள். முதலில் பொதிகை எக்ஸ்பிரஸில் எதிர் பெர்த் பாட்டி. பிறகு தென்காசி ஸ்டேஷன் வாசலில் ஆட்டோக்காரர், லாட்ஜ் வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தவர், டவுன் பஸ் கண்டக்டர், கோயில் வாசலில் பூ கட்டிக்கொண்டிருந்த அக்கா... எல்லோரிடமும் ஒரே கேள்விதான். "தனியாவா வந்திருக்கிய?"

செல்போன் நோட்ஸில் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டே வந்தேன். சிலர் கேட்டபோது அது அக்கறை. சிலர் கேட்டது சும்மா வாய்க்கு. ஒருவர் கேட்டது சந்தேகத்தில். அந்தச் சந்தேகத்தால் புக் செய்து வைத்திருந்த அறை எனக்குக் கிடைக்காமல் போனது. பன்னிரண்டாவதாக ஒரு பெண் கேட்டார். வார்த்தை அதேதான், கேள்வி வேறு. அந்தப் பெண்ணிடம் பிறகு வருகிறேன்.

குற்றாலம் போகிறேன் என்றால் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. சீசனுக்கு ஊரே போகிறது. "ஆய்க்குடி போறேன்" என்றதும் ஆபீஸில் நான்கு பேர் கூகுள் செய்தார்கள். தென்காசியிலிருந்து ஏழெட்டு கிலோமீட்டரில் இருக்கும் பேரூர். வயல், குளம், ஒரு முருகன் கோயில். "அங்க போய் என்ன பண்ணுவே?" என்று கேட்டார்கள்.

எனக்கு ஒரு பழைய பாக்கி இருந்தது.

### முதல் சோலோ டிராவலர்

பள்ளிக்கூடத்தில் கடையெழு வள்ளல்களை வரிசையாக மனப்பாடம் செய்திருப்போம். பாரி முல்லைக்குத் தேர் கொடுத்தார், பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்தார் என்பது நினைவில் நின்றுவிடும். ஆய் என்ன கொடுத்தார் என்று கேட்டால் தலையைச் சொறிவோம். யானை கொடுத்தார். வந்த புலவர்களுக்கெல்லாம் யானை யானையாகக் கொடுத்திருக்கிறார். பொதிகை மலையை ஆண்ட ஆய் அண்டிரனின் ஊர்தான் ஆய்க்குடி. சங்கப் பாட்டில் வரும் அந்த ஊர் இதுதான் என்பதில் இங்கே டீக்கடைக்காரர் வரை யாருக்கும் சந்தேகமே கிடையாது.

ஆயைப் பாடியவர்களில் முக்கியமானவர் உறையூர் ஏணிச்சேரி முடமோசியார். புறநானூற்றில் ஆய் பற்றி மட்டும் அவர் பாடியவை பத்துக்கு மேல் இருக்கின்றன. வடக்கே இமயம் இருப்பதுபோல் தெற்கே ஆய்க்குடி இருக்கிறது, இது இல்லாவிட்டால் உலகமே ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்கிற அர்த்தத்தில் ஒரு பாட்டு. இன்னொன்றில் ஆடல் மகள் ஒருத்தியிடம் சொல்கிறார்: அவர் புகழைக் காதால் கேட்டிருக்கிறாயே தவிர, கண்ணால் கண்டதில்லை, காண வேண்டும் என்றால் புறப்பட்டுப் போ.

ஒரு பெண்ணிடம், "போய்ப் பாரேன்" என்று சொல்கிற பாட்டு. கல்லூரியில் இதைப் படித்தபோது, என்னைச் சொன்னதுபோல் இருந்தது. எந்த வழியாகப் போக வேண்டும், போனால் என்ன கிடைக்கும் என்று ஏற்கெனவே போய் வந்தவர் இன்னொருவருக்குச் சொல்வதற்கு ஆற்றுப்படை என்று ஓர் இலக்கிய வகையையே வைத்திருந்தவர்கள் நாம். இன்று யூடியூபில் 'டென்காசி டூ டேஸ் பிளான்' என்று வருவதெல்லாம் அதன் பேரப்பிள்ளைகள்தான்.

பெயரின் முன்னால் இருக்கும் 'முட' என்பதை வைத்து, அவர் காலில் ஊனம் உள்ளவர் என்று உரைகாரர்கள் சொல்வதுண்டு. உறையூர் இன்றைய திருச்சி. அங்கிருந்து ஆய்க்குடி சுமார் 300 கிலோமீட்டர். ரயில் இல்லை, பஸ் இல்லை. உரைகாரர்கள் சொல்வது சரியென்றால், அந்தக் காலை வைத்துக்கொண்டு அந்த மனிதர் எப்படித்தான் வந்திருப்பார்? எத்தனை நாள், எங்கெல்லாம் தங்கினார், யார் சோறு போட்டார்கள்? அவருடைய டிராவல் பிளானைப் படிக்கக் கிடைத்தால் என்ன வேண்டுமானாலும் கொடுப்பேன். கிடைக்காது. குறைந்தபட்சம் ஊரையாவது பார்த்துவிடலாம் என்றுதான் டிக்கெட் போட்டேன்.

### அம்மா என்கிற செக்போஸ்ட்

நான் தனியாக ஊர் சுற்ற ஆரம்பித்து மூன்று வருடம் ஆகிறது. இதில் பெரிய செக்போஸ்ட் எது என்று கேட்டால் எல்லாப் பெண்களும் ஒரே பதில்தான் சொல்வார்கள்.

நான் முதலில் கேட்டது காஞ்சிபுரம். காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பிவிட வேண்டும். அதற்கே வீட்டில் இரண்டு நாள் பஞ்சாயத்து. அடுத்து ஒரு ராத்திரி, மாமல்லபுரம். அங்கே தூரத்துச் சொந்தம் ஒருவர் இருந்தது உதவியது. மூன்றாவதாகச் சொந்தமே இல்லாத ஊர். ஒவ்வொரு முறையும் திரும்பி வரும் நேரத்தைச் சொல்லி, அந்த நேரத்துக்கு அரை மணி முன்னதாகவே வீட்டு வாசலில் நின்றேன். இது தந்திரமெல்லாம் இல்லை. நம்பிக்கையும் பி.எஃப். மாதிரிதான், மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சேரும்.

லைவ் லொகேஷன் போட்டுப் பார்த்தோம். சரிப்படவில்லை. காட்டுக்குள் சிக்னல் போய்ப் புள்ளி அசையாமல் நின்றுவிட்டால் அங்கே அம்மாவுக்கு பிரஷர் ஏறுகிறது. இப்போது வேறு ஒப்பந்தம். மூன்று வேளையும் நான் என்ன சாப்பிட்டேன் என்று போட்டோ அனுப்ப வேண்டும். சாப்பிடுகிறாள் என்றால் பத்திரமாக இருக்கிறாள் என்று அர்த்தம். இட்லி போட்டோவுக்கு, "சட்னி தண்ணியா இருக்கு" என்று பதில் வந்துவிட்டால் அம்மா நார்மலாக இருக்கிறார் என்று எனக்கும் தெரிந்துவிடும்.

பிளானிங் பற்றி என்னிடம் கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். முதல் பெரிய பயணத்தில் எக்செல் ஷீட் போட்டேன். இரண்டு நாளில் பதினான்கு இடம், ஒவ்வொன்றுக்கும் நாற்பது நிமிடம். ஐந்தாவது இடத்தில் ஒரு பாட்டி சுண்டல் கொடுத்துப் பேச ஆரம்பித்தார். நான் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டே எழுந்து வந்துவிட்டேன். பதினான்கு இடங்களில் இன்றைக்கு நினைவில் இருப்பது அந்தப் பாட்டி மட்டும்தான், அதுவும் குற்ற உணர்ச்சியாக. அதற்குப் பிறகு நான் மூன்று விஷயங்களை மட்டும்தான் முடிவு செய்கிறேன். போய் இறங்கும் நேரம் பகலாக இருக்க வேண்டும். முதல் ராத்திரி எங்கே தூங்கப் போகிறேன் என்று தெரிய வேண்டும். திரும்பி வர டிக்கெட் கையில் இருக்க வேண்டும். நடுவில் இருப்பது ஊரின் இஷ்டம்.

ரயில் டிக்கெட் இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது (2024 நவம்பருக்கு முன்பு 120 நாள்). சீசனில் பொதிகையில் இடம் கிடைப்பது அதிர்ஷ்டம். தனியாகப் போகும் பெண்கள் பலருக்குத் தெரியாத ஒன்று, தொலைதூர ரயில்களின் ஸ்லீப்பர் வகுப்பில் பெண்களுக்கென்று ஆறு பெர்த் ஒதுக்கீடு இருக்கிறது, வயது வரம்பில்லை. புக் செய்யும்போது 'லேடீஸ் கோட்டா' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அவ்வளவுதான். எனக்கு அதில்தான் கிடைத்தது. ராஜபாளையம் தாண்டியதும் வலப்பக்க ஜன்னலுக்கு இடம் மாறிவிடுங்கள். மேகத்தைத் தலையில் கட்டிக்கொண்டு மலை கூடவே ஓடிவரும். சங்கரன்கோவில், கடையநல்லூர் வரைக்கும் செல்போனைத் தொடவே தோன்றாது.

### "சிங்கிள் லேடீஸுக்கு இல்லம்மா"

தென்காசியில் இறங்கியபோது சாரல். குடை விரிக்கும் அளவுக்கு இல்லை, நனையாமல் இருக்கும் அளவுக்கும் இல்லை. ஆப்பில் அறை போட்டு, பணமும் கட்டியிருந்தேன். லாட்ஜ் பெயர் வேண்டாம். இவர் மட்டும் செய்கிற காரியமில்லை இது, எத்தனையோ ஊரில் நடக்கிறது.

ஆதார் கார்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "கூட யாரும் வரலையாம்மா?"

"இல்ல சார், நான் மட்டும்தான்."

"சிங்கிள் லேடீஸுக்கு ரூம் குடுக்கறது இல்லம்மா. அப்பா நம்பர் குடுங்க, பேசிட்டு வேணா பாக்கலாம்."

போன வருடம் வேறோர் ஊரில் இதே கேள்விக்கு அப்பா நம்பரைக் கொடுத்தேன். "ஆமா சார், என் பொண்ணுதான்" என்று அப்பா போனில் சொன்ன பிறகுதான் சாவி என் கைக்கு வந்தது. வேலைக்குப் போகிறேன், ஓட்டுப் போடுகிறேன், வரி கட்டுகிறேன். ஒரு கட்டில், ஒரு மின்விசிறிக்கு அப்பா ஜாமீன் கொடுக்க வேண்டியிருந்தது. அன்று ராத்திரி அறைக்குள் போய் அழுதேன். அப்பாவிடம் இதுவரை சொன்னதில்லை, இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வார்.

இந்த முறை கொடுக்கவில்லை. "ரூல் எங்கே எழுதியிருக்கு சார், காட்டுங்க" என்று கேட்டேன். ரூல் எதுவும் கிடையாது, "நம்ம பழக்கம்மா" என்றார். தனியாக வரும் பெண்ணுக்கு அறை தரக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. சொல்லப்போனால் கடைகள், உணவகங்கள், ஓட்டல்கள் போன்ற இடங்களில் பாலினத்தைக் காரணம் காட்டி யாரையும் தடுக்கக் கூடாது என்று அரசியல் சாசனத்தின் 15(2) பிரிவு தெளிவாகச் சொல்கிறது. அதைச் சொன்னேன். அவர் என் பின்னால் வரிசையில் நின்ற குடும்பத்தைப் பார்த்துச் சிரித்தார்.

அங்கே நின்று சண்டை போட்டு ஜெயித்திருக்கலாம். ஆனால், ஜெயித்த பிறகு அதே கட்டடத்தில் நிம்மதியாகத் தூங்க முடியுமா? பணம் திரும்பக் கேட்டு ஆப்பில் புகார் போட்டுவிட்டு, நோட்ஸில் இருந்த இரண்டாவது நம்பருக்குப் போன் செய்தேன். "தனியாத்தான் வாரேன், ரூம் உண்டா?" என்று முதல் வரியிலேயே கேட்டுவிட்டேன். "வாங்கம்மா, மாடில இருக்கு" என்றார் ஒரு பெண் குரல். முதல் ராத்திரிக்கு ஓர் இடம் என்று நான் சொன்னதைத் திருத்திக்கொள்ளுங்கள். இரண்டு இடம் வேண்டும். புக் செய்த கையோடு போன் போட்டுப் பேசிவிடுவது அதைவிட நல்லது. நல்ல சீசனுக்கு முன்பே திட்டமிட முடிந்தால் குற்றாலத்தில் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் 'ஓட்டல் தமிழ்நாடு' இருக்கிறது.

### காற்றும் அருவியும்

காசி விசுவநாதர் கோயில் கோபுர வாசலில் அடிக்கும் காற்றைப் பற்றி எழுதினால் நம்ப மாட்டீர்கள். உள்ளே போகிறவரைப் பின்னாலிருந்து யாரோ தள்ளுகிற மாதிரி இருக்கும். கொஞ்ச தூரம் போனால் எதிரில் வந்து மோதும். சேலை கட்டியவர்களெல்லாம் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள். 15-ம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் கட்டிய கோயில் இது. கோபுரம் சேதமடைந்து, இரண்டாகப் பிளந்து, பல காலம் மொட்டையாகவே நின்றிருக்கிறது. இன்றைய ஒன்பது நிலைக் கோபுரத்துக்குக் குடமுழுக்கு நடந்தது 1990-ல். இந்தக் கோயிலைப் பிற்காலத்தில் காப்பாற்றப்போகிறவர்களின் காலில் விழுகிறேன் என்று அந்த ராஜா எழுதி வைத்திருக்கிறாராம். யார் என்றே தெரியாத, பிறக்காத மனிதர்களுக்கு ஒரு ராஜாவின் நமஸ்காரம்! கல்வெட்டு எங்கே என்று தேடிக்கொண்டே பிரகாரத்தை இரண்டு முறை சுற்றினேன். கூட யாராவது வந்திருந்தால், "இன்னுமா?" என்று கேட்டிருப்பார்கள்.

அங்கிருந்து குற்றாலம் ஐந்து கிலோமீட்டர்தான். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து இலவசம். மூன்று நாளும் உள்ளூரில் நான் பஸ்ஸுக்குச் செலவழித்தது பூஜ்யம் ரூபாய். ஆண்களே, இதில் மட்டும் எங்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டுக்கொள்ளலாம்.

தனியாக அருவிக்குப் போகிறவர்களுக்கு ஒரு பிரச்னை உண்டு. எந்த டிராவல் வீடியோவும் இதைச் சொல்வதில்லை. குளிக்கப் போனால் பையை யார் பார்த்துக்கொள்வது? செல்போன், பர்ஸ், ரூம் சாவி, மாற்றுத் துணி எல்லாம் அதில்தான். பேரருவியின் பெண்கள் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் வேடிக்கை மட்டும் பார்த்தேன். மேலே பொங்குமாங்கடல் என்கிற பள்ளத்தில் விழுந்து, வேகம் அடங்கி, பிறகுதான் தண்ணீர் கீழே இறங்குகிறது. அடங்கிய பிறகும் அந்தச் சத்தம்! தலை நனையாமல் திரும்பிப் போவது பாவம் என்று தோன்றியது.

படியில் ஈரச் சேலையோடு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பதாவது ஆளாக அந்தக் கேள்வியைக் கேட்டார். ஆமாம் என்றேன். "பைய இங்கன வையி தாயி. நா பாத்துக்கிடுதேன். நீ ஆற அமரக் குளிச்சிட்டு வா" என்றார். யோசித்தேன், பொய் சொல்ல மாட்டேன். அவருடைய ஏழெட்டுப் பேர் குடும்பம், பேரப்பிள்ளைகள், பெரிய தூக்குச்சட்டி எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் பையை வைத்தேன். அரை மணி நேரம் அருவி முதுகில் அடித்தது. திரும்பி வந்தபோது பை அவர் மடியில் இருந்தது. தூக்குச்சட்டியிலிருந்து புளிச்சோறும் துவையலும் கிடைத்தன. போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். "யார் குடுத்தா? தெரியாதவங்க கிட்ட ஏன் வாங்கிச் சாப்பிட்ட?" என்று உடனே போன் வந்தது. போனை அந்த அம்மாவிடமே கொடுத்துவிட்டேன். பத்து நிமிடம் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அருவியில் விளையாட்டு கூடாது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளத்தில் 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கலாம், மழை மலைக்கு மேலே பெய்துகொண்டிருக்கும். பேரருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் விழுந்தால் குளிக்கத் தடை போடுவார்கள். தண்ணீரின் நிறம் மாறினாலும், போலீஸ் விசில் அடித்தாலும் உடனே வெளியே வந்துவிட வேண்டும். தனியாக வந்தவர் காணாமல் போனால் கூட்டத்தில் யாரும் தலையை எண்ணிப் பார்க்கப்போவதில்லை. அதனால், எண்ணிக்கொள்ள வேண்டியது நாம்தான்.

மங்குஸ்தானும் ரம்புட்டானும் ஒரு பை வாங்கிக்கொண்டேன். பிரானூர் பார்டர் பரோட்டாவை நான் பாராட்டித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை.

### பன்னிரண்டாவது ஆள்

மூன்றாம் நாள் காலை ஆய்க்குடி.

பஸ்ஸில் போகும்போது பக்கத்துச் சீட் அண்ணாச்சி, "சுந்தரபாண்டியபுரம் போவலையா? சூரியகாந்தி பூத்திருக்குல்லா?" என்றார். 'ரோஜா' படத்துக் கதாநாயகியின் ஊர். எல்லோரும் அங்கேதான் செல்ஃபி எடுக்கப் போகிறார்கள். எனக்கு மோசியார் வந்த ஊர்தான் முதலில்.

அனுமன் நதிக்கரையில் பாலசுப்பிரமணியர் கோயில். முருகன் இங்கே குழந்தை. நானும் குழந்தைகள் கூட்டத்தின் நடுவில்தான் போய்ச் சேர்ந்தேன். படிப்பாயசம் என்று ஒரு நேர்த்திக்கடன் இங்கே உண்டு. பிள்ளை வரம் கேட்டவர்கள் பாயசம் வைத்து, ஆற்றங்கரைப் படியில் ஊற்றி, சின்னப் பிள்ளைகளைச் சாப்பிடச் சொல்வார்கள். முருகனே வந்து சாப்பிடுவதாக நம்பிக்கை. கோயிலிலிருந்து வெளியே வந்தால் மேற்கே மலை, நடுவில் பச்சை வயல், அதன்மேல் சாரல் ஒரு திரை மாதிரி நகர்கிறது. திருச்சியிலிருந்து நடந்து வந்தவருக்கு இந்த மலை தெரிந்த கணத்தில் எப்படி இருந்திருக்கும்?

தென்காசி சாலையில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. பார்க்க வரலாமா என்று முன்கூட்டியே கேட்டு வைத்திருந்தேன். இந்த ஊர்க்காரர் எஸ்.ராமகிருஷ்ணன், கோவையில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தபோது, 1975 ஜனவரியில் கடற்படை அதிகாரி தேர்வுக்காக பெங்களூரு போனார். தேர்வின் ஒரு கட்டத்தில் உயரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பில் அடிபட்டு, கழுத்துக்குக் கீழே செயலிழந்தது. ஊர் திரும்பியவர் 1981-ல், ஐ.நா. சபை ஊனமுற்றோருக்கான சர்வதேச ஆண்டாக அறிவித்த அதே வருடத்தில், இந்தச் சங்கத்தை ஆரம்பித்தார். ராணுவ மருத்துவமனையில் தனக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர் ஏர் மார்ஷல் அமர்ஜித் சிங் சாஹல் பெயரில்தான் 'அமர்'. 1992-ல், தசைச் சிதைவு நோயோடு ஆடிட்டரான எஸ்.சங்கரராமன் இங்கே வந்து சேர்ந்தார். இன்று சுமார் 30 ஏக்கரில் பள்ளி, சிகிச்சை, தொழிற்பயிற்சி என்று விரிந்திருக்கிறது. ராமகிருஷ்ணனுக்கு 2020-ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

அந்த வளாகத்தில் நடந்தபோது எதுவோ வித்தியாசமாக இருந்தது. என்ன என்று பிடிபட ஐந்து நிமிடம் ஆனது. படிக்கட்டு இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் சரிவுப் பாதை. யாரும் யாரையும் தூக்கவில்லை. சக்கர நாற்காலிகள் அவரவர் வேலையாகப் போய்க்கொண்டிருந்தன.

வெளியே வந்து டீ குடிக்க ஒதுங்கினேன். பக்கவாட்டில் கூடுதல் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரில் ஒரு பெண் வந்து நின்றார். இருபத்திரண்டு வயது இருக்கலாம். டீக்கடைக்காரர் கேட்காமலேயே டம்ளரை எடுத்துக்கொண்டு போய் வண்டியிலேயே கொடுத்தார். என் முதுகுப்பையையும் ஈரச் செருப்பையும் பார்த்துவிட்டு அவர் கேட்டார்:

"தனியாவா வந்திருக்கீங்க?"

பன்னிரண்டு. மனதுக்குள் கோடு போட்டுக்கொண்டேன்.

"ஆமா."

"எப்பிடிக்கா?"

மற்ற பதினோரு பேரும் கேட்காதது அது. ஏன் தனியாக, யாருமே இல்லையா, வீட்டில் விட்டார்களா என்றெல்லாம் கேட்டார்கள். எப்படி என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. ரயில், கோட்டா, லாட்ஜ் என்று ஆரம்பித்தேன். அவர் கை காட்டி நிறுத்தினார். "அதெல்லாம் தெரியும்க்கா. அம்மாட்ட எப்பிடிக் கேட்டீங்க?"

இரண்டாவது டீ சொன்னேன்.

அவருக்குக் கன்னியாகுமரி போக வேண்டும். ஒரு ராத்திரி தங்கி, சூரிய உதயம் பார்த்துவிட்டு வர வேண்டும். விவேகானந்தர் பாறை, கண்ணாடிப் பாலம் எதுவும் வேண்டாம், படகில் ஏறி இறங்குவது பெரிய வேலை. கரையில் உட்கார்ந்து பார்த்தால் போதும். குடும்பத்தோடு இரண்டு முறை போயிருக்கிறார். இரண்டு முறையும் அப்பாவும் மாமாவும் தூக்கிக்கொண்டுதான் போனார்கள். "அவங்க தூக்கும்போது எனக்கு வானம்தான் தெரியும், கடல் தெரியாது" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நோட்ஸைத் திறந்தேன். மூன்று வருடத்துக் குறிப்பு, இருபதுக்கும் மேற்பட்ட ஊர்கள். எந்த லாட்ஜில் வெந்நீர் வரும், எந்த ஸ்டேஷனில் காபி நன்றாக இருக்கும் என்றெல்லாம் எழுதி வைத்திருக்கிறேன். அவர் கேட்ட ஒரு கேள்விக்குக்கூட அதில் பதில் இல்லை. லாட்ஜ் வாசலில் எத்தனை படி? கீழ்த்தளத்தில் அறை உண்டா? குளியலறைக் கதவு எவ்வளவு அகலம், சக்கர நாற்காலி நுழையுமா? நான் தங்கிய எல்லா இடத்திலும் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போயிருக்கிறேன். அகலத்தைப் பார்த்ததே இல்லை.

அவருடைய ஹோம்வொர்க் என்னுடையதைவிடப் பல மடங்கு அதிகம். எக்ஸ்பிரஸ் ரயிலில் மாற்றுத்திறனாளிகள் பெட்டி எந்தப் பக்கம் வரும் என்பதை இன்டர்நெட்டில் பார்த்து வைத்திருக்கிறார். ஸ்டேஷனில் சக்கர நாற்காலி எப்படிக் கேட்பது, சலுகைக் கட்டணத்துக்கு என்ன அட்டை வேண்டும் எல்லாம் அத்துபடி. தென்காசியிலிருந்து திருநெல்வேலிக்கு ஒரு ரயில், அங்கே மாறிக் கன்னியாகுமரிக்கு இன்னொன்று. "மாறுற இடம்தாங்க்கா இடிக்குது. திருநெல்வேலில பிளாட்பாரம் மாறணும்னா என்ன செய்யணும்னு போய்ப் பாத்தாத்தான் தெரியும். போய்ப் பாக்கணும்னா யாராவது கூட்டிட்டுப் போவணும்."

தனியாகப் போவதைப் பற்றி எவ்வளவு பேசியிருக்கிறேன்! சுதந்திரம், என்னை நானே கண்டுபிடித்தேன், என் நேரம் என் கையில் என்றெல்லாம் ரீல்ஸுக்குக் கேப்ஷன் போட்டிருக்கிறேன். அதில் எதையும் அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. அம்மாவிடம் எப்படிக் கேட்டேன் என்பதை மட்டும் சொன்னேன். காஞ்சிபுரம், மாமல்லபுரம், அரை மணி முன்னதாக வாசலில் நின்றது, சட்னி போட்டோ. அவர் கவனமாகக் கேட்டார்.

"அப்ப, முதல்ல திருநெல்வேலி. காலைல போயிட்டுச் சாயந்தரம் வந்துரணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நம்பர் வாங்கிக்கொண்டோம்.

### திருநெல்வேலி ஜங்ஷன்

திரும்பும் டிக்கெட்டை நான் நெல்லை எக்ஸ்பிரஸில் போட்டிருந்தேன். காரணம் அல்வா. அம்மா கேட்டிருந்தார், இருட்டுக்கடையில்தான் வாங்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. தென்காசியிலிருந்து மதியம் பாசஞ்சர் ரயிலில் ஏறினேன். பாரதி தன் மனைவியின் ஊரில் இரண்டு வருடம் வாழ்ந்த கடையம், அப்புறம் அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி. இந்தியாவின் அழகான பாசஞ்சர் ரயில் பயணம் எது என்று யாராவது ஓட்டெடுப்பு வைத்தால் என் ஓட்டு இதற்குத்தான். மலை இப்போது முதுகுப் பக்கம் போய்விட்டது. வாழையும் நெல்லும் மாறி மாறி வந்தன.

வீரவநல்லூர் தாண்டும்போது செல்போன் அதிர்ந்தது. ஆய்க்குடியிலிருந்து மெசேஜ்.

"அக்கா, ஜங்ஷன்ல லிஃப்ட் இருக்கா? இருந்தா எந்தப் பிளாட்பாரத்துல, வேலை செய்யுதா? கதவு அகலம் பாக்க முடியுமா? வீல்சேர் 26 இன்ச்."

இறங்கியதும் நேரம் பார்த்தேன். டவுனுக்குப் போய், வரிசையில் நின்று, அல்வா வாங்கிக்கொண்டு திரும்புவதற்குச் சரியாக இருக்கும். பிளாட்பாரங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பதற்கும் அதே நேரம்தான் ஆகும். அம்மாவுக்குப் போன் செய்து, அல்வா ஜங்ஷன் பக்கத்துக் கடையில்தான் வாங்கப்போகிறேன் என்றேன். ஏன் என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பேச்சு இல்லை.

"அளக்க எதாவது வச்சிருக்கியா?" என்றார் அம்மா.

இல்லை. ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு ஃபேன்ஸி ஸ்டோரில் தையல் டேப் கேட்டேன். இருபது ரூபாய். மடித்துக் கையில் வைத்துக்கொண்டு முதல் பிளாட்பாரத்திலிருந்து ஆரம்பித்தேன்.